பவானியின் சீரமும் ஒரு கந்தசஷ்டியும்

நான் ஓய்வுபெற்று ஒன்பது வருடமாகிறது. வேலை செய்த வைரசு ஆய்வுகூடத்தில் இப்போது இருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் போடுகிறார்களாம். இந்த இயந்திரங்களெல்லாம் வருவதற்கு முன்னர் நீங்கள் எப்படித்தான் வைரசைக் கண்டுபிடித்தீர்கள் என்று இரண்டு பக்கத்தில் எழுதித் தரச் சொன்னார்கள். ஜேர்மன் மொழியில் எழுதிக் கொடுத்தேன். நல்ல கட்டுரை என்று பாராட்டினார்கள், என் பழைய படமொன்றையும் தேடிப்பிடித்துப் போட்டார்கள். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. சொல்ல வேண்டிய கதை அந்த இரண்டு பக்கத்துக்குள் வரவில்லை. வரவும் மாட்டாது, ஏனென்றால் அந்தக் கதையின் முக்கியமான கேள்வியை நான் தமிழில்தான் கேட்டேன்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் ஏழு வருடம் இரத்தம், சலம், மலேரியாத் தட்டு என்று பார்த்தவன் நான். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு, கலியாணம் கட்டி ஒன்றரை வருடம்கூட ஆகாத திலகாவை அவளுடைய தாய் வீட்டில் விட்டுவிட்டு ஜேர்மனிக்கு வந்தேன். ஆறு மாதத்தில் கூப்பிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போது புறப்பட்ட எல்லா ஆண்களும் அதைத்தான் சொன்னார்கள். என்னுடைய அகதி விண்ணப்பம் ஒரு வருடத்துக்குள் சரிவந்தது. கூட வந்த பலருக்கு வரவில்லை. எர்லாங்கனில் ஓர் ஆய்வுகூடத்தில் கண்ணாடிப் பாத்திரம் கழுவும் வேலை கிடைத்தது. நான் கழுவிய குழாய்களை ஒருநாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பொறுப்பாளர், இதற்கு முன் என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். அடுத்த மாதம் எனக்கு ஒரு மேசை தந்தார்கள். என் பயிற்சிக் காலம் என்று சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது.

வைரசைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். தனியே இருக்கும்போது அது ஒன்றுமே செய்யாது. சாப்பிடாது, வளராது, பெருகாது. உயிருள்ள ஒரு கலத்துக்குள், அதாவது செல்லுக்குள், புகுந்தால்தான் அதற்கு வாழ்வு. புகுந்ததும் அந்தக் கலம் தன் சொந்த வேலையைப் போட்டுவிட்டு வைரசைச் செய்யத் தொடங்கிவிடும். செய்தவை வெளியே வந்து அடுத்த கலத்தைத் தேடிப் போகும். சாதாரண நுணுக்குக்காட்டியில் அதைப் பார்க்க முடியாது. ஆகவே நாங்கள் பார்த்ததெல்லாம் அது விட்டுவிட்டுப் போன தடங்களைத்தான். குரங்கின் சிறுநீரகக் கலங்களைப் போத்தலில் வளர்த்து, நோயாளியின் தொண்டைச் சளியை அதில் விட்டு, கலங்கள் உருண்டு உதிர்கின்றனவா என்று தினமும் பார்ப்போம். அல்லது நோயாளியின் உடம்பு வைரசை எதிர்க்கத் தானே செய்துகொண்ட பிறபொருளெதிரியைச் சீரத்தில் தேடுவோம். இரத்தம் உறைந்த பின் மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் நீர்தான் சீரம். கர்ப்பிணிகளின் சீரத்தில் றூபெல்லாவுக்கு எதிரானதைத் தேடுவது என் மேசை.

றூபெல்லா பெரிய வருத்தமொன்றுமில்லை. மூன்று நாள் சிவப்புத் தடிப்பு, கொஞ்சம் காய்ச்சல், கழுத்தில் நெறிக்கட்டு, அவ்வளவுதான். ஆனால் கர்ப்பத்தின் முதல் மாதங்களில் வந்தால் தாயின் இரத்தத்தோடு போய்ப் பிள்ளையைப் பிடித்துவிடும். கண்ணும் காதும் இதயமும் உருவாகும் காலம் அது. உருவாகிற இடத்திலேயே பழுது வந்தால் பிறகு எந்த மருந்தாலும் திருத்த முடியாது.

சோதனை இப்படித்தான். சிறு குழிகள் வரிசை வரிசையாக உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டு. முதற் குழியில் எட்டுக்கு ஒன்றாகக் கலந்த சீரம். அடுத்ததில் அதன் பாதிச் செறிவு. அதற்கடுத்ததில் அதிலும் பாதி. எல்லாவற்றிலும் அளந்து வைரசு விட்டு, அதன்மேல் பிறந்து ஒரு நாளான கோழிக்குஞ்சின் இரத்தச் செங்கலங்களை விடுவோம். வைரசு சும்மா இருந்தால் செங்கலங்களைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிவிடும். குழியின் அடியில் மெல்லிய பாய் விரித்ததுபோல் கிடக்கும். சீரத்தில் பிறபொருளெதிரி இருந்தால் வைரசின் கை கட்டப்பட்டுவிடும். செங்கலங்கள் சறுக்கி இறங்கி நடுவில் ஒரு குங்குமப் பொட்டாக நிற்கும். எத்தனையாவது குழிவரை பொட்டு நிற்கிறது என்பதுதான் விடை. தட்டு குளிர்பெட்டியில் இருக்கும் ஒரு மணித்தியாலமும் எவரும் குளிர்பெட்டிக் கதவை அடித்துச் சாத்தக் கூடாது, அதிர்ந்தால் பொட்டுக் கலைந்துவிடும். நான் புதிதாக வந்த கிழமை ஒரு தரம் சாத்தினேன். அன்றைக்கு முழுத் தட்டையும் திரும்பச் செய்தேன்.

எங்கள் பொறுப்பாளர் டொக்டர் ப்ரென்னர். ஐம்பத்தைந்து வயதிருக்கும், தனி ஆள், குரலை உயர்த்தித் திட்டியதே இல்லை. திட்டியிருந்தால் சுகமாக இருந்திருக்கும். பிழை விட்டவரிடம் போய், ‘எப்படிச் செய்தீர்கள் என்று எனக்குக் காட்டுங்கள்’ என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். நாங்கள் செய்யச் செய்யப் பிழை தானாக வந்து நிற்கும். தட்டுப் படிப்பதற்கு அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. நோயாளியின் பெயரைக் கடதாசியால் மூடிவிட வேண்டும். தட்டைக் கண்ணாடிக்கு மேல் வைத்து அடிப்பக்கத்தை இருவர் தனித்தனியே படிக்க வேண்டும். படிக்கும்போது வாய் திறக்கக் கூடாது. எழுதிய பிறகே இரண்டு தாளையும் பக்கத்தில் வைக்கலாம். ஒரே ஆளின் முதல் சீரத்தையும், இரண்டு கிழமை கழித்து எடுத்த இரண்டாவது சீரத்தையும் ஒரே தட்டில், ஒரே நாளில்தான் பார்க்கலாம். நேற்றைய பொட்டையும் இன்றைய பொட்டையும் ஒப்பிடுபவன் தன்னைத்தானே ஏமாற்றுகிறான் என்பார்.

எண்பத்தாறு தை மாதம் அப்படி மூடிய ஒரு கடதாசியை எடுத்தபோது அடியில் தமிழ்ப் பெயர் இருந்தது. பவானி. வயது இருபத்தெட்டு. முகவரி, நகரத்துக்கு வெளியே இருந்த அகதிகள் விடுதி. கர்ப்பம், முதற் பிள்ளை, கலியாணமாகி ஏழாம் வருடம். தடிப்பு தொடங்கியது டிசம்பர் கடைசியில், நத்தார்க் கிழமையில் என்று தாளில் எழுதியிருந்தது. அப்படியென்றால் கர்ப்பத்தின் ஆறாவது கிழமை. அதைவிட மோசமான கிழமை இருக்க முடியாது. விடுதியில் இரண்டு குழந்தைகளுக்குத் தடிப்பு வந்து டொக்டர் பார்க்கப் போன இடத்தில் இவளுக்கும் வந்தது தெரியவந்திருக்கிறது. கர்ப்பத்தைக் கலைப்பதற்கு அடுத்த வியாழக்கிழமை வைத்தியசாலையில் நேரம் எடுத்தாயிற்று. எங்கள் முடிவு வந்தால் அதைச் சேர்த்து வைப்பார்கள், அவ்வளவுதான் மிச்சம்.

ஆனால் முடிவு அந்தத் தாளோடு ஒத்துப்போகவில்லை. முதல் சீரத்திலும் இரண்டாவதிலும் பொட்டு ஒரே குழிவரை நின்றது. புதிதாக வந்த தொற்றென்றால் இரண்டாவதில் இரண்டு குழியாவது கூடியிருக்க வேண்டும். தொற்றின் முதற் கிழமைகளில் மட்டும் வரும் கனமான பிறபொருளெதிரி ஒன்று உண்டு. சீனிக்கரைசல் அடுக்கிய குழாயில் சீரத்தை விட்டு மறுநாள் வரை அதிவேகமாகச் சுழற்றினால் அது கீழே இறங்கி நிற்கும். குழாயின் அடியில் ஊசியால் குத்தித் துளி துளியாகப் பிரித்து எடுப்போம். பவானியின் சீரத்தில் அது இருந்தது, ஆனால் மறையப் போகிற அளவில் இருந்தது. நத்தாருக்கு வந்த தொற்றென்றால் அது அப்போது உச்சத்தில் இருந்திருக்கும்.

டொக்டர் ப்ரென்னர் இரண்டு தாளையும் எடுத்துப் பார்த்தார். ‘ஒன்றில் நாங்கள் பிழை, இல்லாவிட்டால் இந்தத் திகதி பிழை. எங்களைத் திரும்பச் செய்து பார்க்கலாம்’ என்றார். திரும்பச் செய்தோம். அதே விடைதான். தடிப்பு இன்னும் முன்னரே வந்திருக்க வேண்டும் என்றார். எவ்வளவு முன்னர் என்று கேட்டேன். அதைச் சீரம் சொல்லாது, ஓர் ஆள்தான் சொல்ல வேண்டும் என்றார். கர்ப்பம் தரிப்பதற்கு முன்னரே வந்திருந்தால் பிள்ளைக்கு அது போயிருக்க இடமில்லை. அவர் அந்தப் பெண்ணின் டொக்டரோடு ரெலிபோனில் பேசினார். மொழிபெயர்க்க ஓர் ஆள் வேண்டும் என்று அவர்கள் கேட்க, இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அன்று திங்கட்கிழமை.

விடுதியில் ஒரு சின்ன அறை. பவானியின் கணவன் சிறி கட்டிலில் இருந்த உடுப்புகளை ஒதுக்கி எனக்கு இடம் பண்ணினான். சுவரில் மாட்டியிருந்த கலண்டரில் வியாழக்கிழமையைப் பேனையால் வளைத்திருந்தார்கள். தடிப்பு எப்போது வந்தது என்று நான் நேரே கேட்டேன். முட்டாள்தனமான கேள்வி. தாளில் இருந்ததைத்தான் அவளும் சொன்னாள், பிள்ளையளுக்கு வந்தாப்போலதான் என்று. கடைசியாக மாதவிலக்கு வந்த நாளை ஓர் அந்நிய ஆண் அவளிடம் எப்படிக் கேட்பது? டொக்டரிடம் போனபோதும் மொழிபெயர்த்தது விடுதியில் இருந்த ஓர் இளம் பெடியன். அவனிடம் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. யன்னல் கட்டில் முருகன் படமும் அதன் முன் ஒரு சிட்டி விளக்கும் இருந்தன. சிறி தேத்தண்ணி போடப் பொதுச் சமையலறைக்குப் போன நேரம், கதவு திறந்தே இருக்க, நிலத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

“இந்த முறை சஷ்டி பிடிச்சனீங்களோ, தங்கச்சி?”

அவளும் நிலத்தைப் பார்த்தாள். “இல்லை அண்ணை. தொடங்கின அண்டைக்கே ஏலாமல் போச்சு.”

எங்கள் ஊரில் ஒரு பெண் ஓர் ஆணிடம் இதற்கு மேல் சொல்ல மாட்டாள், சொல்லத் தேவையுமில்லை. மாதவிலக்கு வந்தால் விரதம் பிடிக்க முடியாது. கந்தசஷ்டி தொடங்கிய நாளில் அவளுக்கு அது வந்திருக்கிறது. நவம்பர் நடுப்பகுதி. டொக்டர் கர்ப்பத்தைக் கணக்கிட்டதும் ஏறத்தாழ அதிலிருந்துதான்; கரு தங்குவது அதற்கு இரண்டு கிழமை கழித்துத்தான். அப்ப இந்தத் தடிப்பு என்று மெல்ல இழுத்தேன். அவள் கதவுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள்.

“அதுவும் அப்பதான் அண்ணை, நாலாம் நாள் போட்டுது. விளக்கு வைக்க வேறை பொம்பிளையள் இல்லையெண்டு அந்த நேரத்திலயும் நான்தான் விளக்கைத் தொட்டனான். அதுக்குத்தான் அம்மாள் கோவிச்சு வந்திட்டா எண்டு நினைச்சன். இவருக்கும் சொல்லேல்லை. சாப்பாடு ஒத்துக்கொள்ளேல்லை எண்டு சொல்லிப்போட்டு நீட்டுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிஞ்சனான். இப்ப பாருங்கோ, பிள்ளையில கொண்டந்து விட்டிருக்கு.”

உடம்பில் கொப்பளமோ தடிப்போ வந்தால் அம்மாள் வந்திருக்கிறாள் என்று வாய் திறக்காமல் இருப்பது எங்கள் வழக்கம். இரண்டு மாதமாக அந்தப் பயத்தைத் தனியே சுமந்திருக்கிறாள். நான் படித்த படிப்பைக் காட்டி அவளுடைய அம்மாளை மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. “வந்தது நல்ல நாளிலதான், தங்கச்சி,” என்றேன். “பிந்தி வந்திருந்தாத்தான் பிள்ளைக்குக் கூடாது.” அவள் முதற் தடவையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் டொக்டர் ப்ரென்னரிடம் கந்தசஷ்டி என்றால் என்னவென்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். ‘எனக்குத் திகதி வேண்டும், ஹெர் யோகநாதன். திருவிழாவின் பெயரை அந்த டொக்டருக்கு அனுப்ப முடியாது’ என்றார். நகரத்தில் எவரிடமும் தமிழ்க் கலண்டர் இல்லை. என்னிடம் இருந்தது திலகாவின் கடிதம். அவள் எப்போதும் மேலே ஆங்கிலத் திகதி போட்டுத்தான் எழுதுவாள். சட்டைப் பையில் வைத்திருந்த கடிதத்தை எடுத்து அவருடைய மேசையில் விரித்து, ஒவ்வொரு வரியாக ஜேர்மன் மொழியில் சொன்னேன். இன்றைக்குச் சஷ்டியின் கடைசி நாள். காலமை கோயிலுக்குப் போய் வந்து எழுதுகிறேன். ஆறு நாளும் பாலும் பழமும்தான். டொக்டர் ப்ரென்னர் மேலே இருந்த திகதியைப் பார்த்து, விரல் விட்டு நாட்களைப் பின்னுக்கு எண்ணி, தாளில் இரண்டு திகதி எழுதினார். விரதம் தொடங்கிய நாள் ஒன்று, தடிப்பு வந்த நாள் ஒன்று. பிறகு, அடுத்த வரியில் ஏதாவது இருக்கிறதா, அதுவும் உதவக்கூடும் என்று கேட்டார்.

அடுத்த வரி இது: ‘ஆறு நாளும் ஒண்டைத்தான் கேட்டனான். நீங்கள் இல்லாமல் அதை எப்பிடித் தாறது எண்டு முருகனுக்கே விளங்கியிராது.’

அது எனக்கு எழுதினது என்று சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு, உங்கள் மனைவி எப்போது வருகிறார் என்று கேட்டார். தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. ஒரு பத்திரம் கையில் வரும்போது மற்றதன் திகதி முடிந்திருக்கும். அதைச் சரிக்கட்டினால் சண்டையில் பாதை பூட்டியிருக்கும், அல்லது அவளுடைய தகப்பன் படுக்கையில் இருப்பார். பகல் முழுவதும் மற்றப் பெண்களின் கர்ப்பத்தைக் கிழமை கிழமையாக எண்ணுவேன். பின்னேரம் சைக்கிளில் அறைக்குப் போகும்போது அவளை விட்டு வந்த மாதங்களை எண்ணுவேன். சில நாட்களில் பாதி வழியில் இறங்கி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்பேன். அவ்வளவு ஆசை அவளைப் பார்க்க.

புதன்கிழமை பவானியும் சிறியும் தங்கள் டொக்டரிடம் போனார்கள், நானும் போனேன். நூற்றுக்கு நூறு என்று எவரும் சொல்ல முடியாது, இந்தத் திகதிகள் சரியென்றால் பயம் மிகக் குறைவு, முடிவு உங்களுடையது என்று டொக்டர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னேன். நீங்கள் மொழிபெயர்க்கப் போகிறீர்கள், ஆலோசனை சொல்லப் போகவில்லை என்று டொக்டர் ப்ரென்னர் எனக்குச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். வெளியே வந்ததும் சிறி என் கையைப் பிடித்துக்கொண்டான். “அண்ணை, நீங்களெண்டா என்ன செய்வியள்?” என்றான்.

சொல்லியிருக்கக் கூடாது. “என்ரை மனிசியெண்டா நாங்கள் வைச்சிருப்பம்,” என்றேன்.

வியாழக்கிழமை அவர்கள் வைத்தியசாலைக்குப் போகவில்லை.

அதன்பின் வந்த ஏழு மாதமும் எனக்கு எப்படிப் போயிற்று என்று சொல்லத் தெரியாது. அவள் வெட்கத்திலோ பயத்திலோ நாளை மாற்றிச் சொல்லியிருந்தால்? திலகா கடிதத்தை ஒருநாள் பிந்தித் தொடங்கியிருந்தால்? கண் தெரியாத, காது கேளாத ஒரு பிள்ளையை என் ஒரு வாக்கியத்தால் அந்தச் சின்ன அறைக்குள் கொண்டுவந்து விட்டேனோ என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். டொக்டர் ப்ரென்னருக்கு நான் சொன்ன வாக்கியத்தைச் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ‘அதை இனி எடுக்க முடியாது’ என்று மட்டும் சொன்னார்.

ஆவணியில் பிள்ளை பிறந்தது, பெண். தொப்புள்கொடி இரத்தம் எங்களிடம் வந்தது. தாயின் கனமான பிறபொருளெதிரி பிள்ளைக்குப் போகாது. ஆகவே பிள்ளையின் இரத்தத்தில் அது இருந்தால், வைரசு பிள்ளைக்குள் போய்ப் பிள்ளை தானே அதைச் செய்திருக்கிறது என்று அர்த்தம். வேறு எவரிடமாவது கொடுங்கள் என்று டொக்டர் ப்ரென்னரைக் கேட்டேன். கை நடுங்கினால் கொடுக்கிறேன், நடுங்காவிட்டால் நீங்களே செய்யுங்கள் என்றார். நடுங்கவில்லை. சுழற்றி, பிரித்து, தட்டில் விட்டு, குளிர்பெட்டியில் வைத்தேன். படிப்பதற்கு என்னை விடாமல் இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் கண்ணாடிக்கு மேல் குனிந்து படித்து எழுதினார்கள். தாள்களைப் பக்கத்தில் வைத்துவிட்டு, வந்து பாருங்கள் என்றார். கனமான பகுதி இருந்த குழிகளில் ஒன்றிலும் பொட்டு இல்லை. எல்லாவற்றிலும் மெல்லிய பாய். நான் கழிவறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன்.

பிறந்த வீட்டுத் துடக்கு முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு சிறி வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போனான். பவானி பிள்ளையின் தலைமாட்டில் நின்று கையைத் தட்டிக் காட்டினாள். பிள்ளை திடுக்கிட்டு இரண்டு கையையும் விரித்தது. மூவரும் சிரித்தோம். அவள் பிள்ளையைத் துணியோடு அள்ளி என்னிடம் நீட்டினாள், தூக்குங்கோ அண்ணை என்று. நான் ஓரடி பின்னுக்குப் போனேன். வேண்டாம், நான் நாள் முழுக்கக் கிருமியோடு நிற்கிறவன் என்றேன். அவள் நம்பிவிட்டாள். ஒரு நாளைக்கு எத்தனை தரம் நாங்கள் கை கழுவுகிறோம் என்று அவளுக்கு எங்கே தெரியும்? முதன்முதலில் நான் தூக்குவது எங்கள் பிள்ளையாக இருக்கட்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். அன்றிரவே திலகாவுக்கு எல்லாவற்றையும் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை. பிள்ளையைத் தூக்கினீங்களோ என்று பதில் கடிதத்தில் கேட்டிருந்தாள். ஓம் என்று எழுதினேன்.

அடுத்த வருடம் பவானி குடும்பம் கனடாவுக்குப் போய்விட்டது. திலகா எண்பத்தொன்பதில் வந்து சேர்ந்தாள். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. டொக்டர்களிடம் போனோம், விரதமும் பிடித்தாள், ஒன்றும் சரிவரவில்லை. பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம்.

இப்போதும் இருந்தாற்போல எப்போதாவது திலகா கேட்பாள், பவானியின் பிள்ளை கையில் எப்படி இருந்தது என்று. நல்ல பாரம் என்று சொல்வேன்.